சங்கிலி கழன்ற பிறகு யார் வருவார்? திருகோணமலைக் குடும்பங்களின் முன்னுள்ள வழிகள்

கடுமையான மனநோய் உள்ள ஒருவரைக் கட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பேயை விரட்டக் கழிப்புக் கழித்தால் சரியாகும் என்பார் ஒருவர். கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்பார் இன்னொருவர். கருத்தரங்குக்குப் போய்வந்தவர், இது குற்றம், சங்கிலியை இன்றைக்கே கழற்று என்பார். பக்கத்து வீட்டுக்காரர், கழற்றினால் பொலிசுக்குப் போவேன் என்பார். எல்லோரும் சொல்லிவிட்டுப் போன பிறகு, சாமத்தில் கதவு இடிபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர் அந்தத் தாய்தான்.

அந்தத் தாயின் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கட்டுவது தொடரக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. எந்த வழியில் போனால் கழன்ற சங்கிலி திரும்ப மாட்டப்படாமல் இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கழற்றுவது அரை நாள் வேலை. ஆறாம் மாதத்தில், ஒரு முறை மருந்து தவறி, இரண்டு இரவுகள் தூக்கமில்லாமல் போகும்போது அந்த வீட்டுக்கு யார் வருவார்? ஒவ்வொரு வழியையும் இந்த ஒரே கேள்வியால் அளந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் ஏன் கட்டினார்கள் என்று கேட்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், அடிப்பார் என்ற பயத்தால்தான் கட்டுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் நம் மாவட்டத்தில் வீட்டை விட்டு நடந்துவிடுவார் என்ற பயமே கூடுதலாக என் காதில் விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குளமும் கட்டில்லாத கிணறும், நடுவில் லொறி ஓடும் வீதி. பெண்ணாக இருந்தால், வெளியில் அலையும்போது யாராவது கெடுத்துவிடுவார்கள் என்ற பயம். இது வீணான பயம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இன்னொன்றும் இருக்கிறது, அதைக் குடும்பங்கள் வெட்கத்தால் சொல்வதில்லை: பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. தகப்பன் கடலுக்குப் போய்விடுவார், தாய் வயலுக்கோ வீட்டு வேலைக்கோ போக வேண்டும், மகள் குவைத்திலோ கட்டாரிலோ இருப்பாள். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரே காவல் அந்தச் சங்கிலி.

என் பெரியம்மா தன் மகனை முதன்முதலில் கட்டியது போர்க் காலத்தில். அண்ணன் சாமத்தில் எழுந்து, சோதனைச் சாவடி இருந்த திசைக்கு நடந்துவிடுவார். "நான் தமிழில் நில் என்றாலே நிற்காத பிள்ளை, அவர்கள் சிங்களத்தில் சொன்னால் எங்கே நிற்கப் போகிறான்?" என்று பெரியம்மா கேட்டதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. போர் 2009 இல் முடிந்தது. சாவடியும் போனது. கட்டு மட்டும் வீட்டு வழக்கமாக நின்றுவிட்டது. எந்தப் பயத்துக்காகக் கட்டினோமோ அந்தப் பயம் இன்னும் இருக்கிறதா என்று ஒருவரும் திரும்பிக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்கச் சொல்வேன். சில வீடுகளில் பதில் கேட்பவரையே திகைக்க வைக்கும்.

ஒன்றும் செய்யாமல் இப்படியே விடுவதும் ஒரு வழிதான், அதிகம் பேர் எடுப்பதும் அதுதான். அதற்கும் விலை உண்டு. கட்டப்பட்டவரின் கால் தசை மெலிந்து, முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். கணுக்காலில் இரும்பு உரசிய இடம் புண்ணாகும். ஒரே இடத்தில் கிடப்பதால் படுக்கைப் புண்ணும், காலில் இரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறும் ஆபத்தும் வரும். மருந்தில்லாமல் நோய் எவ்வளவு காலம் ஓடுகிறதோ, பிறகு மருந்து கொடுத்தாலும் குணம் தெரிவது அவ்வளவு மந்தமாகிறது. இதற்கு மேல், ஏதாவது நடந்தால் ஓட முடியாது. தமிழ்நாட்டில் ஏர்வாடி தர்காவைச் சுற்றி இருந்த காப்பகங்களில் ஒன்று 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் கடல் ஏறியதைக் கண்ட நமக்கு, ஓட முடியாமல் இருப்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டின் மனநோய்ச் சட்டம் 1873 ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கடைசியாகத் திருத்தப்பட்டது 1956 இல். வீட்டுக்குள் கட்டப்பட்டுக் கிடப்பவரைப் பற்றி அதிலே தேடுவது வீண். ஆனால் கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு ஒருவரும் உட்படுத்தப்படக் கூடாது என்று அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. இவற்றை வைத்துத் தாயைப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. சேவையைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய அதிகாரிகளை அசைக்கத்தான் இவை உதவும்.

இனி கோயிலும் தர்காவும். படித்தவர்கள் இந்த வழியை ஒரே சிரிப்பில் தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. பூசாரியும் மௌலவியும் வீட்டுக்கு வருகிறார்கள், கூப்பிட்டால் இரவிலும் வருகிறார்கள். நோயாளியின் தலையில் கை வைக்கிறார்கள். குடும்பத்தின் மேல் குற்றம் சுமத்தாமல், எங்கிருந்தோ வந்த ஒன்றின் மேல் சுமத்துகிறார்கள். தென்னிந்தியாவில் ஒரு முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளை மனநல மருத்துவர்கள் கவனித்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், சில வாரத் தங்கலிலேயே நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருந்து இல்லை, பெரிய சடங்கும் இல்லை. பயமுறுத்தாத ஒரு இடம், கோயிலில் கூட்டிப் பெருக்குவது போன்ற சின்னச் சின்ன வேலை, கூடவே தங்கும் ஒரு உறவினர், இவ்வளவுதான்.

ஐந்தில் ஒரு பங்கு குறைவது சிறிய காரியமல்ல. ஆனால் கடும் நோய் உள்ளவருக்கு மிச்சம் நான்கு பங்கு இருக்கிறது. ஏர்வாடியும் பக்திக்குப் பேர்போன ஊர்தான் என்பதை மறக்க முடியாது.

கானாவில் ஒரு ஜெப முகாமில் நடந்த ஆய்வு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மருத்துவத்தின் பக்கம் நிற்பவர்களையும் அது குத்துகிறது. முகாமில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஜெபத்தோடு மனநோய் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018 இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களின் நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் அவர்கள் சங்கிலியில் இருந்த நாட்கள் சொல்லத்தக்க அளவில் குறையவில்லை. நோய் இறங்கியது, சங்கிலி இறங்கவில்லை. மருந்து கொடுத்தால் கட்டு தானாகக் கழன்றுவிடும் என்று நம்பும் டொக்டர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். கட்டியவர் மனத்தில் இருக்கும் பயத்துக்கு வில்லை கிடையாது. அதற்குத் தனியாக ஒருவர் உட்கார்ந்து பேசி, கழற்றும் நாளைக் குறித்து, அந்த நாளில் வந்து நிற்க வேண்டும்.

ஆகவே வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தால் தாராளமாகப் போங்கள். சல்லி அம்மனிடம் போங்கள், ஓதிப் பார்க்க வேண்டுமானால் ஓதிப் பாருங்கள். நிபந்தனைகள் கொஞ்சம் வையுங்கள்: அங்கேயும் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, மிளகாய்ப் புகை காட்டக் கூடாது, தனியே விட்டு வரச் சொல்லக் கூடாது, வில்லையையும் ஊசியையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. கடைசி நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளும் பூசாரி உங்கள் கூட்டாளி. ஒத்துக்கொள்ளாதவர், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், வேண்டாம்.

அங்கொடை வேறு வகை. 1920களில் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி 2008 இல் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறியது. நம் ஊர்ப் பேச்சில் அது இன்னும் திட்டுவதற்கான பெயர்தான், அதனாலேயே பல குடும்பங்கள் வாசலை மிதிக்க மறுக்கின்றன. அந்தப் பயம் பழைய காலத்தைச் சேர்ந்தது. அங்கே இருக்கும் மருத்துவ அறிவு நாட்டில் வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது. பல மருந்துகளுக்கும் அசையாத நோய், நீதிமன்றம் தொடர்புபட்ட விவகாரம், உடல் நோயும் மனநோயும் பின்னிக் கிடக்கும் சிக்கல் ஆகியவற்றுக்கு அது சரியான இடம். கரண்ட் பிடிப்பார்கள் என்று நடுங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தச் சிகிச்சை இப்போது மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யப்படுகிறது. சில நோயாளிகளுக்கு அதைவிட விரைவாக உதவுவது வேறில்லை.

ஆனால் என் அளவுகோலில் அங்கொடை தடுக்கிவிழும் இடம் தூரம். திருகோணமலையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். ஒரு தாய் மகனைப் பார்க்கப் போய்வர இரண்டு நாள் கூலி போகும், பஸ் காசு வேறு. விடுதியில் பெரும்பாலும் சிங்களம். காதில் கேட்கும் குரல் என்ன சொல்கிறது என்பதை இரண்டாம் மொழியில் விளக்க முடிந்த நோயாளியை நான் கண்டதில்லை. இதையெல்லாம் தாங்கிக் குணமாகி வந்தாலும், வந்து இறங்குவது அதே வீட்டில். மருந்துத் துண்டு கையில் இருக்கும், அடுத்த கிளினிக் எங்கே என்பது தெரியாது, பயம் அப்படியே இருக்கும். மூன்று மாதத்தில் பழைய நிலை. "அங்கொடைக்கே கொண்டுபோய்ப் பார்த்தோம், சரிவரவில்லை" என்று அதன் பிறகு இன்னும் உறுதியாகக் கட்டுவார்கள். அனுப்பத்தான் வேண்டும் என்றால், திரும்பி வந்த வாரமே எந்த உள்ளூர் கிளினிக் பொறுப்பெடுக்கும் என்பதைப் போகும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தனியார் இல்லங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நல்லவையும் உண்டு. முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்க விடுவார்களா, மனநல டொக்டர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார், இரவில் கதவு எந்தப் பக்கம் பூட்டப்படுகிறது என்று கேளுங்கள். முதல் கேள்விக்கே முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். வீட்டில் இருந்த சங்கிலியை மாதக் காசு கட்டி வேறு வீட்டில் மாட்டுவதில் என்ன மிச்சம்?

அடுத்தது உடனே கழற்று என்ற வழி. இதைச் சொல்பவர்களின் மனம் நல்லது. உலகில் ஏறத்தாழ 60 நாடுகளில் மனநோயாளிகளைக் கட்டி வைக்கும் வழக்கம் இருப்பதாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2020 இல் எழுதியது, அதை நிறுத்தச் சொல்லி இயக்கமும் நடத்துகிறது. தடை தேவை. ஆனால் தடை மட்டும் என்ன செய்யும் என்பதை இந்தோனேசியாவில் பார்க்கலாம். அங்கே இதை 'பசுங்' என்பார்கள், மரக்கட்டையில் காலை மாட்டிவிடுவதும் அதில் அடங்கும். 1977 இலேயே அரசு தடுத்துவிட்டது. அதே கண்காணிப்பகத்தின் 2016 அறிக்கையில், ஏறத்தாழ 18,800 பேர் அப்போதும் பசுங்கில் இருந்ததாக அரசுக் கணக்கை வைத்தே எழுதியிருந்தார்கள். தடை வந்து கிட்டத்தட்ட நாற்பது வருடங்களுக்குப் பிறகு!

அதே இந்தோனேசியாவின் அச்சே மாநிலம் நமக்குத் தூரத்து உறவு மாதிரி. நம்மை அடித்த அதே அலைதான் அன்று காலையில் முதலில் அவர்களை அடித்தது. சுனாமிக்குப் பிறகு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கிராம அளவில் மனநலத் தாதியரைப் பயிற்றுவிக்கவும் அங்கே செலவிட்டார்கள். 2010 இல் பசுங் இல்லாத அச்சே என்று அறிவித்து, கட்டிக் கிடந்தவர்களை வீடு வீடாகப் போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். எல்லோருக்கும் இலவச மருத்துவக் காப்புறுதியும் அதே வருடம் வந்தது. ஆள், மருந்து, காசு மூன்றும் சேர்ந்த பிறகே அறிவிப்புக்கு உயிர் வந்தது. இலங்கையிலும் சுனாமி உளநலத்தைப் பற்றிப் பேச வைத்தது, 2005 இல் ஒரு தேசிய மனநலக் கொள்கை வந்தது, மாவட்டந்தோறும் சேவை என்ற எண்ணம் அதிலே உறுதியானது. அதன் பயன் நம் மாவட்டத்துக்கும் கிடைத்திருக்கிறது. போதாது, ஆனால் கிடைத்திருக்கிறது.

அங்கேதான் கடைசி வழி தொடங்குகிறது, நான் சாய்வதும் அதன் பக்கமே. பெரியாஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் தொடங்கி, வீட்டுக்கு அருகில் ஊசி, வீட்டுக்கே வரும் ஆட்கள் என்று போகும் வழி. மூன்றும் ஒன்றாக வேண்டும்.

தொடக்கம் இப்படி இருக்கட்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் குடும்பத்தில் ஒருவர் தனியாகப் போய் உளநலப் பிரிவில் பேச வேண்டும்: எத்தனை வருடமாகக் கட்டி வைத்திருக்கிறோம், எதற்காக, முன்பு என்ன மருந்து, கடைசியாக எப்போது அடித்தார். கட்டி வைத்திருக்கிறோம் என்பதை மறைக்காதீர்கள். டொக்டர் திட்டினாலும் திட்டட்டும், அது தெரியாமல் மருந்து தீர்மானிக்க முடியாது. அழைத்துப் போக 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நிலைமை கைமீறும் இரவுகளில் மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணில் பேசலாம். பொலிசைக் கூப்பிடுவது கத்தி கையில் இருக்கும்போது மட்டும்.

விடுதியில் சில வாரம் தங்குவது நல்லது, குறிப்பாக நீண்ட காலம் கட்டப்பட்டிருந்தவருக்கு. கணுக்கால் புண்ணைப் பார்க்க வேண்டும், இரத்தச் சோகை, சொறி, பல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மடங்கிய முழங்காலை நீட்ட இயன்மருத்துவர் வேண்டும். தூக்கமும் ஆவேசமும் முதல் வாரங்களிலேயே பெரும்பாலும் கட்டுக்குள் வரும். குரல்களும் சந்தேகங்களும் அடங்க ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் நம்பிக்கை இழந்து பெயர் வெட்டிக்கொண்டு போகின்றன. விடுதியிலும் சில வேளை துணியால் கட்டிலோடு கட்டுவது உண்டு. ஏன், எவ்வளவு நேரம், யார் பக்கத்தில் இருப்பார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டால் அவிழும் கட்டுகளும் உண்டு.

பிறகு ஊசி. வாரக்கணக்கில் வேலை செய்யும் எண்ணெய் ஊசிகளில் ஃப்ளூபெனசின் பழையது, மலிவு. தசையில் போட்டால் உடலில் மெல்ல மெல்லக் கரைந்து இரண்டு முதல் நான்கு வாரம் வரை நிற்கும். அரச ஆஸ்பத்திரியில் காசில்லை. கட்டி வைக்கப்பட்டவர் விஷயத்தில் இதன் பெரிய லாபம் வேறு: தினமும் இரண்டு வேளை வில்லைக்காகத் தாயும் மகனும் மல்லுக்கட்டும் சண்டை ஓய்ந்துவிடுகிறது. ஒரு தடவை தவறினால் அடுத்த நாளே தெரியும், கிளினிக் கொப்பியில் வராத நாள் வெறுமையாக நிற்கும், தேடி வர ஒருவருக்குக் காரணம் கிடைக்கும். வில்லை தவறுவது தாய்க்கு மட்டுமே தெரியும், அதுவும் பிந்தித்தான்.

பக்க விளைவு உண்டு. கை நடுங்கும், முகம் இறுகும், நடை பொம்மை நடை போல ஆகும், சிலருக்கு உட்கார முடியாத அந்தரம். அதற்கு மாற்று வில்லை இருக்கிறது, அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். நடுக்கத்தைப் பார்த்து வீட்டுக்காரர்கள் தாங்களாகவே நிறுத்துவதுதான் இந்த வழியின் மிகப் பெரிய ஓட்டை. இன்னொரு ஓட்டையும் உண்டு. அளவை ஏற்றி ஏற்றி, ஆளை நாள் முழுதும் எச்சில் ஒழுகத் தூங்க வைத்துவிட்டு, கட்டை அவிழ்த்துவிட்டோம் என்று சொல்வது. இரும்புக்குப் பதிலாக மருந்தால் கட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். எழுந்து பல் துலக்கி, தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடிக்கும் அளவுக்குத் தெளிவு இல்லையென்றால் டொக்டரிடம் திரும்பப் போங்கள்.

இரண்டு மருந்துகளுக்கு அசையாதவருக்கு க்ளோசபின் என்ற வில்லை இருக்கிறது, சில பேருக்கு அது அதிசயம் செய்திருக்கிறது. ஆனால் தொடக்க மாதங்களில் வாராவாரம் இரத்தம் சோதிக்க வேண்டும். இரண்டு நாள் தவறினால் பழைய அளவில் தொடங்கக் கூடாது, மிகச் சிறிய அளவிலிருந்து மீண்டும் ஏற வேண்டும். ஈச்சிலம்பற்றில் இருந்து வாராவாரம் நகரத்துக்கு வர முடியுமா என்பதைக் குடும்பம் நேர்மையாகக் கணக்கிட்ட பிறகே சம்மதிக்க வேண்டும். தேநீரில் மருந்தைக் கலந்து கொடுக்கும் வழக்கத்தை இதனாலும் விடச் சொல்கிறேன். இன்று குடித்தாரா, பாதியை ஊற்றினாரா என்பது யாருக்கும் தெரியாது. அவர் ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு வீட்டுச் சோற்றையே தொட மாட்டார்.

வீட்டுக்கு வரும் ஆட்கள் என்று நான் சொல்வது பெரிய சேவை ஒன்றையும் அல்ல. இந்தியாவில் மூன்று இடங்களில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சிதைவு நோயாளிகளின் வீடுகளுக்கு ஒழுங்காக அனுப்பினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களும் அதில் இருந்தன. ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, வீட்டுக்கும் ஆள் வந்தவர்கள் ஓரளவு முன்னேறினார்கள். ஓரளவுதான், ஆனால் அந்த ஓரளவு சங்கிலிக்கும் சங்கிலியில்லாமைக்கும் நடுவில் இருக்கும் தூரமாக இருக்கலாம். சீனாவில் 2005 இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்றில், வீடுகளில் பூட்டப்பட்டுக் கிடந்தவர்களை விடுவித்து, இலவச மருந்தும் தொடர் கவனிப்பும் கொடுத்தார்கள். சிலர் இரண்டு வாரம் பூட்டில் இருந்தவர்கள், ஒருவர் 28 வருடம். அவர்களில் 266 பேரை ஆய்வில் சேர்த்து, 2012 இல் 230 பேரைப் பற்றித் திரும்பக் கேட்டபோது, நூற்றுக்கு 92 பேருக்கு மேல் கட்டில்லாமல் இருந்தார்கள். தொடக்கத்தில் ஒழுங்காக மருந்து எடுத்தவர்கள் மிக மிகச் சிலர், கடைசியில் நான்கில் மூன்று பங்கினர். நான் பார்த்த எந்த வழிக்கும் இவ்வளவு நீண்ட காலச் சாட்சியம் இல்லை.

நம் மாவட்டத்தில் இதை எப்படிக் கட்டி எழுப்புவது? பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார், கிராம உத்தியோகத்தர் இருக்கிறார், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படலையைத் தெரிந்தவர். கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்கு வராவிட்டால் தேடிப் போகும் அதே கால்கள்தான். அவர்களில் ஒருவரின் தொலைபேசி எண்ணை உளநலப் பிரிவின் கொப்பியிலும் குறித்துவைக்கச் செய்யுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் உளநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு, ஊசியை அருகிலுள்ள இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு மூதூர்க்காரருக்கு நகரம் கிட்டிவிட்டது என்பது உண்மைதான், ஆனால் பஸ்சில் ஏற மறுக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து என்ன செய்வது?

முதல் மாத இரவுகளுக்கு முறை போட வேண்டும். பெரியம்மா வீட்டில் நாங்கள் பெறாமக்கள் மாறி மாறித் திண்ணையில் படுத்தோம். ஒரு சித்தப்பா வர மறுத்தார், அவருக்கு வாழ்நாள் முழுதும் மன்னிப்பில்லை என்று பெரியம்மா இன்றும் சொல்வார். காவலுக்காகப் படுத்தோம் என்பதைவிட, பெரியம்மா தூங்குவதற்காகப் படுத்தோம் என்பதே சரி. அவர் ஒழுங்காகத் தூங்கத் தொடங்கிய பிறகுதான், கதவைப் பூட்ட வேண்டும் என்ற பேச்சு அந்த வீட்டில் குறைந்தது. படலைக்கு ஒரு சின்ன மணி, கிணற்றுக்கு மூடி, கத்தியும் மண்ணெண்ணெயும் அண்டை வீட்டில். இவ்வளவு ஏற்பாட்டில் நடந்துவிடுவார் என்ற பயம் பாதி தீர்ந்தது.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் அவர் அடித்துப் பெரிய காயம் உண்டாக்கியிருந்தால், அல்லது கவனிக்க வயதான தாயைத் தவிர ஒருவரும் இல்லையென்றால், விடுதியில் நீண்ட தங்கலும் தேவைப்பட்டால் அங்கொடையும்தான் முதல் படி. பெண் நோயாளி, வீட்டுக்குள்ளேயே அவளுக்குத் தொல்லை கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற சந்தேகம் எழுந்தால், அந்த வீட்டுக்குத் திரும்ப அனுப்புவது சிகிச்சையே அல்ல. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்கு மருந்துத் தெரிவே வேறு. போதைப் பொருளும் சேர்ந்திருந்தால் ஊசி மட்டும் பிடித்து நிறுத்தாது.

இத்தனை பேச்சிலும் கட்டப்பட்டிருப்பவரின் வாயை ஒருவரும் பார்ப்பதில்லை. கேளுங்கள். பொருத்தமில்லாமல் பேசுபவரும், எந்த ஊசி தன்னை இறுக்கியது, எந்த டொக்டர் தன் கண்ணைப் பார்த்துப் பேசினார், எந்த உறவினர் வந்தால் தனக்குக் கோபம் வருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்வார். அண்ணனிடம் கேட்டபோது, விடுதிக்குப் போகச் சம்மதம், ஆனால் சவரம் செய்துவிட்டுத்தான் போவேன் என்றார். அப்படியே செய்தோம். வழியெல்லாம் ஒரு வம்பும் இல்லை.

நோய் திரும்பும் நாளுக்கு இப்போதே ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் திரும்பும். பெரும்பாலும் தூக்கம் முதலில் போகும். இரண்டு இரவு தூங்காவிட்டால் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் போக வேண்டும். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, எரிபொருளும் இல்லாமல், பல நோயாளிகள் விட்ட இடத்திலிருந்து சரிந்தார்கள். எனவே ஊசி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், வெறுங்கையோடு திரும்பாமல் மாற்று வில்லை எழுதி வாங்குங்கள், அது எங்கே கிடைக்கும் என்றும் அங்கேயே கேளுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும், கடைசியாகப் போட்ட திகதியையும் ஒரு தாளில் எழுதி இரண்டு வீடுகளில் வையுங்கள். சங்கிலியும் பூட்டும் அந்த இரண்டு வீடுகளிலும் இருக்கக் கூடாது. கழற்றிய அன்றே அவற்றைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். திரும்ப வேண்டும் என்றால் அவரிடம் போய்க் கேட்கட்டும். அப்போது அவர் உளநலப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பார்.